நம் பக்கத்து ஏரிகள்: காட்சியும் கடமையும்

முன்னுரை

கல்லூரிச் சுற்றுலா என்ற பேச்சு எழுந்தவுடனேயே நம் மாணவ நண்பர்களின் உள்ளம் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் தேக்கடிக்கும் பறந்துவிடுகிறது. அங்குள்ள ஏரிகளில் படகேறிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினால்தான் சுற்றுலா நிறைவு பெற்றதாக நாம் எண்ணுகிறோம். தவறில்லை. ஆயினும் ஓமலூரிலிருந்தும் இராசிபுரத்திலிருந்தும் சேந்தமங்கலத்திலிருந்தும் நாள்தோறும் பேருந்தில் வரும் நாம், வழியில் எத்தனை ஏரிக்கரைகளைக் கடந்து வருகிறோம் என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா? அவற்றுள் ஒன்றிலேனும் இறங்கி நின்று பார்த்ததுண்டா?

சேலம், நாமக்கல் ஆகிய இரு மாவட்டங்களிலும் தேசியப் பூங்கா எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் உள்ள தேசியப் பூங்காக்களான கிண்டி, முதுமலை, முக்குருத்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா ஆகிய ஐந்தும் நமக்குத் தொலைவில் உள்ளன. ஆனால் காணத்தக்க ஏரிகள் நமக்கு நிறைய உண்டு. அவற்றுள் சிலவற்றை அறிமுகம் செய்வதும், ஓர் ஏரியை எப்படிப் பார்ப்பது என்று எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்கள் ஆகும்.

தேக்கடி தரும் பாடம்

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'காட்டுக்குள் இருக்கும் ஏரி இயற்கை அழகு. நம் ஊர் ஏரி வெறும் பாசனக் குட்டை' என்று பலரும் எண்ணுகின்றனர். இந்தியாவில் தேசியப் பூங்காவின் ஏரி என்றதும் நினைவுக்கு வருவது தேக்கடியிலுள்ள பெரியாறு ஏரி. யானைகள் நீர் அருந்த வரும் கரையும், நீர் நடுவே பட்டுப்போய் நிற்கும் மரங்களும் எண்ணற்ற படங்களில் இடம்பெற்றவை. அந்த ஏரி எப்படித் தோன்றியது? 1895-ஆம் ஆண்டு பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாற்று அணையால் தோன்றியது. மதுரைச் சீமையின் வறண்ட நிலங்களுக்கு மலையைக் குடைந்து நீர் கொண்டுவருவதற்காகக் கட்டப்பட்ட அணை அது. நீர் நடுவே நிற்கும் அந்தப் பட்ட மரங்கள், அணை நீரில் மூழ்கிய காட்டின் எச்சங்களே. அப்பகுதி புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது 1978-இல்தான். முதலில் பாசனம், பிறகு காட்சி என்பதே அதன் வரலாறு.

ஆகவே பயனுக்காகக் கட்டிய ஏரி அழகில்லாதது என்பது பொருந்தாத கூற்று. சேலம், நாமக்கல் சமவெளியில் நாம் காணும் ஏரிகள் யாவும் ஒரு பயன் கருதி மனிதர் கரை கட்டி உண்டாக்கியவை. அவற்றின் அழகு அந்தப் பயனோடு பிணைந்தது. பயன் நின்றால் அழகும் கெடுகிறது என்பதற்கும், கவனிப்பார் வந்தால் அழகு திரும்புகிறது என்பதற்கும் நம் பக்கத்திலேயே சான்றுகள் உள்ளன. அவற்றைக் காண்பதற்கு முன் ஏரியின் உறுப்புகளைச் சற்றுத் தெரிந்துகொள்வோம்.

ஏரியின் உறுப்புகள்

நம் சமவெளியைச் சூழ்ந்து சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை, போதமலை, ஜருகுமலை, கஞ்சமலை முதலியன நிற்கின்றன. இங்கே பிறக்கும் திருமணிமுத்தாறு, சரபங்கா, வசிட்ட நதி ஆகிய ஆறுகளுள் எதுவும் ஆண்டு முழுதும் ஓடுவதில்லை. மழை பெய்தால் இரண்டு நாள் வெள்ளம், பிறகு மணல். ஓடிப்போகும் அந்த வெள்ளத்தை நிறுத்திவைக்க நம் முன்னோர் கண்ட வழிதான் ஏரி.

ஏரிக்கு ஐந்து உறுப்புகள் இன்றியமையாதவை. மழைநீரைத் திரட்டித் தரும் மேட்டு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி. அந்நீரை ஏரிக்குக் கொண்டுவருவது வரத்து வாய்க்கால். நீரைத் தடுத்து நிறுத்துவது கரை. தேவைக்கு ஏற்பத் திறந்து வயலுக்கு விடுவது மதகு. நிரம்பியபின் மிகுந்த நீரைக் கரைக்கு ஊறின்றி வெளியேற்றுவது கலிங்கு. இதனை நம் பக்கத்தில் 'கோடி' என்பர். 'ஏரி கோடி போகிறது' என்று ஊரார் மகிழ்ச்சியோடு சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம்.

இதில் நுட்பம் ஒன்று உண்டு. மேலேரியின் கோடியில் விழும் நீர் வீணாவதில்லை. அது கீழேரியின் வரத்து வாய்க்காலாகிறது. அந்த ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்கு நீர் போகும். இவ்வாறு மலையடியில் தொடங்கி ஆறு வரை ஏரிகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டுள்ளன. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் கீழுள்ளவை அனைத்தும் வறளும்.

ஐரோப்பாவில் குரோவேசியா நாட்டில் பிளிட்விச் என்ற தேசியப் பூங்கா உண்டு. 1949-இல் அமைக்கப்பெற்று, 1979-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்க்கப்பட்டது. அங்கே பதினாறு ஏரிகள் படிப்படியாக அமைந்து, மேலேரி நீர் அருவியாகக் கீழேரியில் விழுகிறது. நீரில் கரைந்த சுண்ணாம்பு பாசிகளின் மேல் படிந்து படிந்து கல்லாகி அங்கே கரைகள் உருவாயின. இயற்கை பல்லாயிரம் ஆண்டுகளில் அங்கே செய்த அதே ஏற்பாட்டை, நம் உழவர் மண்வெட்டியும் கூடையும் கொண்டு இங்கே செய்தனர். உலகம் வியந்து காணும் அமைப்பின் உறவினர் நம் வயற்காட்டிலேயே இருக்கின்றனர் எனலாம்.

ஆகவே எந்த ஏரிக்குச் சென்றாலும் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். நீர் எங்கிருந்து வருகிறது? எதனால் நிற்கிறது? நிரம்பினால் எங்கே போகிறது? யாருக்குப் பயன்படுகிறது? இந்நான்கையும் மனத்திற்கொண்டு இனி ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. ஏற்காட்டு ஏரி

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால் ஏற்காடு. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் உள்ள ஊர். ஏரியும் காடும் சேர்ந்தே இவ்வூருக்குப் பெயராயின என்பது பலரும் கூறும் விளக்கம். 1820-களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகம் செய்தார். அதன்பின் தோட்டங்களும் பங்களாக்களும் பெருகின.

மலைச் சரிவுகள் கூடும் பள்ளத்தில் இந்த ஏரி அமைந்துள்ளது. படகுத் துறையும், அருகே அண்ணா பூங்காவும் மான் பூங்காவும் உள்ளன. மே மாதத்தில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடைபெறும்போது கூட்டம் அலைமோதும். ஆனால் ஏரியைக் காண விரும்புவோர்க்கு மழைக்காலமே ஏற்றது. மூடுபனி நீரின் மேல் இறங்கி, எதிர்க்கரை மறைந்து, சிறிது நேரத்தில் மீண்டும் தோன்றும் காட்சியை அப்போதுதான் காண முடியும்.

பலரும் படகில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். 'நிரம்பினால் எங்கே போகிறது?' என்ற கேள்வியைக் கேட்பவரே அடுத்த காட்சியை அடைவர். ஏற்காட்டு ஏரியின் மிகை நீர்தான் கிளியூர் அருவியாக ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து பள்ளத்தாக்கில் விழுகிறது. கோடையில் சென்று 'அருவியில் நீரே இல்லை' என்று ஏமாற்றத்தோடு திரும்புவோர் பலர். ஏரி நிரம்பாதபோது அருவி எப்படி விழும்? ஏரியில் எறியும் நெகிழிப் பையும் அதே வழியில்தான் போகும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

2. கன்னங்குறிச்சி மூக்கனேரி

மலையிலிருந்து இறங்கினால் சேலம் நகரின் வடக்கே கன்னங்குறிச்சி. சேர்வராயன் மலைச் சரிவில் பெய்யும் மழை அங்குள்ள புது ஏரியை நிரப்பி, பின்னர் மூக்கனேரிக்கு வருகிறது. மூக்கனேரி நிரம்பினால் நீர் திருமணிமுத்தாற்றை நோக்கிச் செல்லும். ஏறத்தாழ 58 ஏக்கர் பரப்புள்ள இவ்வேரி, நகரத்து மாணவர்கள் மிதிவண்டியிலேயே சென்று காணத்தக்கது.

இந்த ஏரிக்கு ஒரு மறுபிறப்பு உண்டு. நகரம் வளர்ந்து, தூர் சேர்ந்து, நீர் குறைந்து, குப்பை மலிந்து கிடந்த மூக்கனேரியை 2010-ஆம் ஆண்டில் நகர மக்கள் அமைப்பொன்று சீர்திருத்த முன்வந்தது. தூர் வாரிய மண்ணை வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதற்குப் பெருஞ்செலவு ஆகும். ஆகவே அம்மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்தனர். இவ்வாறு நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு தீவுகள் உருவாயின. அவற்றின் மேல் மரக்கன்றுகள் நடப்பட்டன. மரங்கள் வளர்ந்ததும் கொக்குகளும் நாரைகளும் நீர்க்காகங்களும் வந்து தங்கலாயின. மனிதர் எளிதில் நெருங்க முடியாத தீவு பறவைக்குப் பாதுகாப்பான இடமல்லவா? மாலை ஐந்தரை மணிக்குமேல் கரையில் நின்றால் கூட்டங்கூட்டமாகப் பறவைகள் தீவுகளுக்குத் திரும்பும் காட்சியைக் காணலாம்.

தூர் வாரியதால் இரு பயன் கிடைத்தன. ஏரியின் ஆழம் கூடியது, அழகும் கூடியது. பயனும் அழகும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்பதற்கு இதனினும் எளிய விளக்கம் தேவையில்லை. எனினும் பணி ஒருமுறையோடு முடிவதன்று. ஆகாயத்தாமரை மீண்டும் படரும். கழிவுநீர் மீண்டும் புகும். ஏரியைக் காப்பது பயிரைக் காப்பது போல ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை.

3. பனமரத்துப்பட்டி ஏரி

மூக்கனேரிக்கு நேர்மாறான கதை பனமரத்துப்பட்டி ஏரியுடையது. சேலத்திற்குத் தெற்கே, ஜருகுமலை, போதமலை முதலியவற்றின் நீரைத் தாங்கி நிற்குமாறு 1911-இல் அமைக்கப்பட்டது இவ்வேரி. பரப்பு 2,000 ஏக்கருக்கு மேல். பாசனத்திற்காக அன்று, சேலம் நகரின் குடிநீருக்காக. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரின் குடிநீருக்காக 1894-இல் தேக்கப்பட்ட தேர்ல்மியர் என்ற ஏரி, இன்று அந்நாட்டின் ஏரிமாவட்டத் தேசியப் பூங்காவுக்குள் பலரும் சென்று காணும் இடமாகத் திகழ்கிறது. நம் பனமரத்துப்பட்டியும் அத்தகைய தகுதி உடையதே. மூன்று பக்கமும் மலை; நடுவே பரந்த நீர்ப்பரப்பு. நம் பாட்டனாரின் தலைமுறை குடித்து வளர்ந்த நீர் அது.

பின்னர் மேட்டூரிலிருந்து காவிரி நீர் குழாய் வழியே நகருக்கு வந்தது. பனமரத்துப்பட்டியின் தேவை குறைந்தது. தேவை குறைந்ததும் கவனமும் குறைந்தது. வரத்து வாய்க்கால்கள் தூர்ந்தன. நீர் வற்றிய படுகையில் சீமைக்கருவேல மரம் அடர்ந்து காடாயிற்று. ஏரி என்று தேடிச் சென்றவர் முட்காட்டைக் கண்டு திரும்பிய ஆண்டுகள் பல. மரங்களை அகற்றி ஏரியைச் சீரமைக்கும் திட்டங்கள் அண்மை ஆண்டுகளில் அறிவிக்கப்பட்டுள்ளன.

இவ்வேரியை நாம் கட்டாயம் சென்று காண வேண்டும். அழகைக் காண்பதற்காக மட்டும் அன்று. ஒரு நகரம் தன் குழாய் நீர் எங்கிருந்து வருகிறது என்பதை மறந்தால் என்ன நேரும் என்பதை அங்கே கண்கூடாகக் காணலாம். இந்த ஏரியை எவரும் பகைத்து அழிக்கவில்லை. வேறிடத்தில் நீர் கிடைத்தது, மறந்துவிட்டனர். நம் ஏரிகளிற் பெரும்பாலானவற்றுக்கு நேர்ந்ததும் இதுவே.

4. மேட்டூர் ஸ்டான்லி நீர்த்தேக்கம்

ஏரி என்ற சொல்லுக்குள் அடங்காத பெருநீர்ப்பரப்பு மேட்டூர். 1925-இல் தொடங்கி 1934-இல் பணி நிறைவுற்று, அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது. அணையின் நீளம் 5,300 அடி. உயரம் 214 அடி. நீரைத் தேக்கும் முழு அளவு 120 அடி. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; அதாவது 9,347 கோடி கன அடி. நிரம்பிய நிலையில் நீர்ப்பரப்பு ஏறத்தாழ 59 சதுர மைல். காவிரிப் பாசனப் பகுதிக்கு ஜூன் 12-ஆம் நாள் நீர் திறப்பது மரபு. இங்குள்ள கிழக்கு, மேற்குக் கால்வாய்கள் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் ஏறத்தாழ 45,000 ஏக்கருக்கு நீர் தருகின்றன.

அணை நிரம்பி, பதினாறு கண் மதகு வழியே மிகை நீர் நுரைத்துப் பாயும்போது காண்பது ஒரு காட்சி. ஆடிப் பதினெட்டில் காவிரியில் நீராடி, அணைக்கட்டு முனியப்பனுக்குப் பொங்கலிட்டு, பூங்காவில் குடும்பத்தோடு அமர்ந்து உண்ணும் மக்கள் வெள்ளம் இன்னொரு காட்சி. மூன்றாவது காட்சி ஒன்றுண்டு. அதனைக் காணக் கோடையில், நீர் மிகவும் குறைந்த ஆண்டில், பண்ணவாடிப் பக்கம் செல்ல வேண்டும். நீர் இறங்க இறங்க முதலில் பழைய கிறித்தவ ஆலயத்தின் கோபுரம் தோன்றும். ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தி சிலையும் வெளிப்படும். அணை கட்டியபோது ஊரைக் காலி செய்து சென்ற மக்கள் விட்டுச் சென்றவை அவை. டெல்டாவில் விளையும் நெல்லுக்காக இங்கே சில ஊர்கள் நீருக்குள் போயின. நான்காவது கேள்வியாகிய 'யாருக்குப் பயன்?' என்பதோடு 'யாருக்கு இழப்பு?' என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என அந்த நந்தி நமக்கு நினைவூட்டுகிறது.

மேட்டூர் நிரம்பி வழிந்தபோதும் அதன் அருகிலேயே உள்ள சேலம் மாவட்டத்து ஏரிகள் வறண்டு கிடந்தது நெடுநாளைய குறை. அணை பள்ளத்தில் உள்ளது. ஏரிகள் மேட்டில் உள்ளன. இக்குறையைப் போக்க, மிகை நீரைத் திப்பம்பட்டியிலிருந்து இறைத்துச் சரபங்கா வடிநிலத்தில் உள்ள 100 ஏரிகளை நிரப்பும் திட்டம் 565 கோடி ரூபாய் மதிப்பில் வகுக்கப்பட்டு, 2021 பிப்ரவரியில் அதன் முதற்கட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. பழைய ஏரிகள் காலத்துக்கு ஒவ்வாதவை என்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். இன்றைய பெருந்திட்டமும் நீரைக் கொண்டுபோய் நிரப்புவது முன்னோர் கட்டிய அதே ஏரிகளில்தான்.

5. கல்வராயன், கொல்லிமலை அடிவார ஏரிகள்

கிழக்கே வாழப்பாடிப் பக்கம் புழுதிக்குட்டையில் ஆணைமடுவு அணையும், பெத்தநாயக்கன்பாளையத்தை அடுத்துக் கரியக்கோயில் அணையும் உள்ளன. கல்வராயன் மலையின் நீரைத் தேக்கும் இச்சிறு அணைகளுக்குச் சுற்றுலாக் கூட்டம் வருவதில்லை. அமைதியை விரும்புவோர்க்கு அதுவே நன்மை. மலையும் நீரும் வயலும் ஒரே பார்வையில் அடங்கும் இடங்கள் இவை.

தெற்கே நாமக்கல் மாவட்டத்தில், கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மலைமேல் வாசலூர்ப்பட்டியில் சிறு படகுத் துறை உண்டு. ஆகாய கங்கை அருவியை அறியாதார் இலர். ஆனால் அருவியின் நீர் கிழக்கே புளியஞ்சோலைப் பக்கம் இறங்கித் திருச்சி மாவட்டத்துக்குப் போகிறது. நாமக்கல் சமவெளிக்கு வருவது மேற்குச் சரிவில் காரவள்ளிப் பக்கம் இறங்கும் நீர். அது பொம்மசமுத்திரம், பழையபாளையம், தூசூர் முதலிய ஏரிகளுக்கு உயிர் கொடுக்கிறது. முன்னே சொன்ன ஏரிச் சங்கிலியை நேரில் கண்டு கற்க இதைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் இல்லை. காரவள்ளியில் தொடங்கித் தூசூர் வரை மிதிவண்டியில் ஒருநாள் பயணம் செய்து, எந்த ஏரியின் கோடி எந்த ஏரியின் வரத்து என்று குறித்து வந்தால், அதுவே ஒரு புவியியல் செய்முறைப் பாடமாகும்.

நீர் நிறைந்த ஆண்டில் மார்கழி, தை மாதங்களில் தூசூர் ஏரிக்கரையில் நிற்பது தனி இன்பம். நாமக்கோழியும் முக்குளிப்பானும் நீரில் மிதக்க, விளிம்பில் நத்தைகுத்தி நாரை நிதானமாக நடக்க, தொலைவில் கொல்லிமலை நீலமாய்த் தெரியும். பறவை காணும் பழக்கமுடைய மாணவர்கள் அதிகாலையிலேயே செல்ல வேண்டும்.

பார்ப்பவரால் என்ன பயன்?

'ஏரியைப் போய்ப் பார்ப்பதால் ஏரிக்கு என்ன பயன்?' என்று நண்பர்கள் கேட்கலாம். தக்க கேள்விதான்.

முன்பு ஏரி ஊராரின் சோறு. மதகைத் திறக்க நீர்க்கட்டி இருந்தார். கோடையில் ஊர் கூடிக் குடிமராமத்துச் செய்தது. வண்டல் மண்ணை உழவர் வண்டியில் அள்ளி வயலுக்கு உரமாக இட்டனர். அதனாலேயே ஏரி ஆழமாயிற்று. ஏரியை நம்பிப் பிழைப்பவர் இருந்தவரை ஏரிக்குக் காவல் இருந்தது. பின்னர்க் கிணறு வந்தது, மின்மோட்டார் வந்தது, ஆழ்துளைக் கிணறு வந்தது. இந்தியா முழுவதும் சென்று துளையிடும் ரிக் வண்டிகளுக்குப் பெயர்பெற்ற ஊர் நம் திருச்செங்கோடு. துளை ஆழமாக ஆழமாக ஏரியின் நினைவு அகன்றது. ஆழ்துளைக் கிணற்றுக்கும் நீர் வானிலிருந்துதான் வர வேண்டும். ஏரியில் நின்று மண்ணுக்குள் இறங்கிய நீரே அதில் ஊறுகிறது என்பதை நாம் மறந்துவிட்டோம்.

நம்பிப் பிழைப்பவர் குறைந்த ஏரியில் குப்பை விழுகிறது, கழிவுநீர் கலக்கிறது, மனைக்கல் முளைக்கிறது. மலையில் தெளிந்து பிறக்கும் திருமணிமுத்தாறு, சேலம் நகரின் சாக்கடையையும் சாயக் கழிவையும் சுமந்துகொண்டு நாமக்கல் மாவட்டம் வழியாகக் காவிரியை அடையும் அவலத்தை நாம் அறிவோம். அந்த ஆற்றை நம்பிய கீழேரிகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் ஏரியின் எல்லை எது என்று அறிந்து கேட்பவர் இல்லாவிட்டால் சட்டம் தானே நடந்து வந்து காக்காது.

இங்கேதான் பார்ப்பவர் தேவைப்படுகிறார். பழைய உரிமையாளர் மறந்த ஏரிக்குப் புதிய உரிமையாளராக அவர் வருகிறார். ஆண்டுதோறும் சென்று பார்ப்பவருக்கே சென்ற ஆண்டு நீர் எதுவரை நின்றது, இவ்வாண்டு எங்கே மண் கொட்டப்பட்டது என்று தெரியும். மூக்கனேரியை மீட்டவர்களும் முதலில் அதைச் சென்று பார்த்தவர்களே.

பார்க்கச் செல்வதாலும் கேடு விளையலாம் என்பதை மறுப்பதற்கில்லை. பிளிட்விச் ஏரிகளில் குளிப்பதற்கே தடை உண்டு. அந்தக் கட்டுப்பாட்டினால்தான் நீர் தெளிவாக நிற்கிறது. நம் பக்கத்தில் அழகுபடுத்துவது என்றால் கரையைச் சிமெண்டால் மூடி, சுற்றிலும் நடைபாதை போட்டு, நீரின் நடுவே சிலை வைப்பது என்று ஆகிவிட்டது. நடைபாதைக்காக ஏரியின் பரப்பைக் குறைத்தால் அது ஏரியைக் காப்பதாகாது. நாணலும் சேறும் உள்ள விளிம்பில்தான் மீன் முட்டையிடும். பறவை இரை தேடும். வரத்து வாய்க்கால் திறந்திருக்கிறதா, கோடி அடைபடாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வண்ண விளக்கைப் பற்றிப் பேச வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

மாணவராகிய நாம் கோடிக்கணக்கில் செலவிட்டு ஏரியைச் சீர்திருத்த இயலாது. ஆனால் நம்மால் இயன்ற ஒன்று உண்டு. நம் வகுப்பறையில் அமர்ந்திருப்போர் பல ஊரினர். ஒவ்வொருவரும் தத்தம் ஊர் ஏரியைப் பற்றி முன்சொன்ன நான்கு கேள்விகளுக்கும் விடை எழுத வேண்டும். ஏரியின் பெயர், வரத்து வரும் வழி, மதகுகளின் எண்ணிக்கை, கோடி நீர் போகும் இடம், கடைசியாக நிரம்பிய ஆண்டு ஆகியவற்றை ஊர்ப் பெரியவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். ஏரியின் பரப்பையும் எல்லையையும் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள வரைபடத்தில் பார்க்கலாம். புவியியல், வரலாறு, விலங்கியல், தாவரவியல் துறை மாணவர்கள் இணைந்து செய்தால் மூன்றாண்டுப் படிப்பு முடிவதற்குள் இரு மாவட்ட ஏரிகளின் கையேடு ஒன்று நம் கல்லூரி நூலகத்தில் இருக்கும். மதகின் பெயரையும் பழைய வாய்க்காலின் வழியையும் நினைவில் வைத்திருக்கும் தலைமுறை முதுமை எய்தியுள்ளது. அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளும் வாய்ப்பு இன்னும் சில ஆண்டுகளே இருக்கும்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் மரக்கன்று நடுவதோடு, ஒரு வரத்து வாய்க்காலையேனும் கோடியிலிருந்து மலையடி வரை நடந்து பார்ப்பதைச் சேர்த்துக்கொள்ளுமாறு பேராசிரியப் பெருமக்களை வேண்டிக்கொள்கிறேன்.

முடிவுரை

சங்கப் புலவர் கபிலர், பாரி மறைந்தபின் பறம்பு நாட்டுச் சிறுகுளம் காப்பாரின்றிக் கரை உடைவதைக் கண்டு வருந்திப் பாடியது புறநானூற்றில் உள்ளது. வளைந்த கரையை எட்டாம் நாள் பிறைக்கு உவமித்த அப்பாடல் அழகைப் பாடிய பாடல் மட்டும் அன்று. காவலை இழந்த குளத்துக்காக எழுந்த இரங்கலுமாகும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் புலவர்க்குக் குளத்தின் அழகும் காவலும் வேறுவேறாகத் தோன்றவில்லை.

ஆகவே நண்பர்களே, அடுத்த விடுமுறையில் தேக்கடிக்குச் செல்லுங்கள், மகிழ்ந்து வாருங்கள். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூக்கனேரிக்கும், இன்னொரு ஞாயிற்றுக்கிழமை பனமரத்துப்பட்டிக்கும், மார்கழியில் ஒரு காலை தூசூருக்கும் சென்று வாருங்கள். கரைமேல் ஏறி நில்லுங்கள். மலை எந்தப் பக்கம், மதகு எந்தப் பக்கம், கோடி எந்தப் பக்கம் என்று பாருங்கள். அடுத்த ஆண்டும் அதே ஏரிக்குச் சென்று, என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள்.